குன்றின் மேல் பன்னிரண்டு இல்லங்கள்

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும். அந்த வயதில் எங்கள் வீட்டுப் பையன்களை விருந்தினர் முன்னால் ஒரு தேவாரம் பாடச் சொன்னால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஹாரோ பள்ளியில் அதே வயதுப் பையன்கள் உடைந்த குரலும் உடையாத குரலுமாகத் தோளோடு தோள் நின்று கூரை அதிரப் பாடுகிறார்கள். றக்பி அணித்தலைவனும் பாடுகிறான், கணிதப் புலியும் பாடுகிறான், நேற்று வந்து சேர்ந்த சின்னவனும் பாடுகிறான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. என் மகன் அவர்களில் ஒருவன். இந்தப் பள்ளி மேல் எனக்குள்ள காதலை ஒளிக்கப் போவதில்லை. ஒளிக்கவும் முடியாது.

லண்டன் தமிழருக்கு ஹாரோ என்றால் மரக்கறிக் கடை, நகைக்கடை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. மெட்ரோபொலிட்டன் பாதையில் வந்து இறங்கி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். நிலையத்துக்குத் தெற்கே எழும் குன்றையும் அதன் உச்சியில் நிற்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் கூர்கோபுரத்தையும் நானும் பல காலம் அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது அந்தக் குன்றின் ஒவ்வொரு ஒழுங்கையும் எனக்குத் தெரியும்.

இது முழுக்க முழுக்க விடுதிப் பள்ளி. ஏறத்தாழ 830 பையன்கள், பன்னிரண்டு இல்லங்கள், ஒருவர்கூட வீட்டிலிருந்து வந்து போவதில்லை. எங்கள் வீடு குன்றின் அடிவாரத்தில். செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா நெஞ்சில் கை வைத்துவிட்டார். "ஏன் பிள்ளை, கூப்பிடு தூரத்தில பள்ளிக்கூடத்தை வச்சுக்கொண்டு பெடியனை போர்டிங்கில விடுறியே?" அவருக்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் அதுதான்: "அக்கா, அங்க பள்ளிக்கூடம் மணியடிச்சாப் பிறகுதான் தொடங்குது." பாடம் முடிந்த பிறகு விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் இசைப்பயிற்சி, அதற்குப் பிறகு நாடக ஒத்திகை, இரவில் படிப்பு, படிப்பு முடிந்து இல்லத்துப் பொது அறையில் வாக்குவாதம். இவ்வளவையும் வீட்டுக்கு வந்து போகிற பிள்ளை எப்படிப் பெறுவான்?

இந்தப் பள்ளியை நிறுவியவர் ஜோன் லயன் என்ற விவசாயி. முதலாம் எலிசபெத் அரசியிடமிருந்து 1572இல் சாசனம் பெற்றார். உள்ளூர்ப் பையன்கள் இலவசமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பள்ளிக்கு எழுதிவைத்த விதிகளில் படிப்பை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, என்னென்ன விளையாடலாம் என்றும் எழுதினார்: பம்பரம் விடலாம், கைப்பந்து எறியலாம், ஓடலாம், வில் எய்யலாம். நானூறு ஆண்டுக்கு முன் ஒரு விவசாயி பள்ளி விதியில் பம்பரத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிள்ளைகளை அறிந்த மனிதர்! வில்வித்தைப் போட்டி பதினெட்டாம் நூற்றாண்டு வரை நடந்தது. பள்ளிச் சின்னத்தில் அம்புகள் இன்றும் இருக்கின்றன.

புரட்டாதி பிறக்கும்போது முதல் தவணை தொடங்கும். புதுப் பையன்களின் வகுப்புக்கு ஷெல் என்று பெயர், அடுத்தது ரிமூவ். கருநீல மேற்சட்டை, சாம்பல் காற்சட்டை, தலையில் கருநீல நாடா கட்டிய தட்டையான வைக்கோல் தொப்பி. பள்ளிக்கு ஒரே வளாகம் கிடையாது. வகுப்பறைகளும் நூலகமும் இல்லங்களும் ஹை ஸ்ட்ரீட் முழுக்க இரு புறமும் சிதறிக் கிடக்கின்றன. பாடம் மாறும் நேரத்தில் அந்தத் தெருவில் நின்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வைக்கோல் தொப்பிகள் மேலும் கீழும் ஓடும், நடுவில் ஒரு பேருந்து பொறுமையாகக் காத்து நிற்கும். எதிரே ஆசிரியர் வந்தால் பையனின் விரல் தானாகத் தொப்பி விளிம்புக்குப் போகும். ஆசிரியர்களை அவர்கள் பீக் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வால் நீண்ட கறுப்புக் கோட். முதல்முறை மகனை அந்தக் கோட்டில் பார்த்தபோது கண்ணூறு பட்டுவிடுமோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் இருவருக்கு ஒரு அறை, கொஞ்சம் வளர்ந்ததும் ஆளுக்கொரு அறை. பெருங்கூடத்தில் வரிசைக் கட்டில்கள் என்று நாம் நினைக்கும் விடுதி இதுவல்ல. மகனின் மேசை மேல் அவன் அம்மம்மா கொடுத்த பிள்ளையார் இருக்கிறார், அலுமாரிக் கதவில் சங்ககாரவின் படம். ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு மேட்ரன் உண்டு. காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருவது அவர்தான்.

சனிக்கிழமை காலையிலும் பாடம் உண்டு. பதிலுக்குச் செவ்வாய், வியாழன், சனி பிற்பகல்கள் விளையாட்டுக்கு. முதல் தவணையில் றக்பி. நவம்பரில் லோங் டக்கர் என்னும் நெடுந்தூர ஓட்டம், தர்மத்துக்குப் பணம் திரட்ட. பையன்கள் ஓடுவார்கள், பீக்குகள் ஓடுவார்கள், பெற்றோரும் ஓடலாம். குன்றடியில் ஒரு காலத்தில் இருந்த நீச்சல் குளத்தின் பெயர்தான் அந்த ஓட்டத்துக்கு. ஸ்குவாஷ் பிறந்ததும் இந்தக் குன்றில்தான். றக்கெட்ஸ் ஆட்டத்துக்கு முறை வரும் வரை காத்திருந்த பையன்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மெத்தென்ற ரப்பர்ப் பந்தை இல்லத்து முற்றச் சுவர்களில் அடித்து விளையாடியதிலிருந்து வந்தது. சென்னையில் பயிற்சி பெற்று உலகத்தை வென்ற ஜோஷ்னா சின்னப்பாவுக்கும் தீபிகா பள்ளிக்கலுக்கும் கைதட்டியவர்கள் அந்தக் குன்றுக்கும் ஒரு கைதட்டல் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டாம் தவணை ஹாரோ உதைபந்தாட்டத்துக்கு. அதைப்பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஆட்டம், இந்தப் பையன்களுக்கும் பழைய மாணவருக்கும் மட்டும் சொந்தம். பந்து உருண்டையில்லை. மேலும் கீழும் தட்டையான பெரிய தோல் பந்து, ஒரு சின்னப் பூசணிக்காய்தான். குன்றின் அடியில் உள்ள மைதானங்கள் களிமண் நிலம். தை, மாசி மழையில் கணுக்கால் வரை சேறு. அந்தச் சேற்றில் உருளுவதற்கென்றே செய்த பந்து அது, நனைந்தால் கல்லாய்க் கனக்கும். அணிக்குப் பதினொருவர். பந்துக்கு முன்னால் போய் நின்று காத்திருக்க முடியாது, பின்னாலிருந்து கூட்டமாக உருட்டிக்கொண்டு வர வேண்டும். உதைத்த பந்தை ஒருவன் கையால் பிடித்து "யார்ட்ஸ்!" என்று கத்தினால் அவனுக்கு இடையூறின்றி உதைக்கும் உரிமை. கோலுக்குப் பேஸ் என்று பெயர்.

இல்லத்துக்கு இல்லம் ஆடும்போது பார்க்க வேண்டும்! கெட்டிக்காரன், கெட்டிக்காரனில்லாதவன் என்ற பேச்சே இல்லை. மென்பந்து, வன்பந்து, றக்பி எதிலும் அணியில் இடம் கிடைக்காத என் மகன் இதில் ஓடுகிறான். சறுக்கி விழுகிறான், எழும்புகிறான், அவன் முகம் எது சேறு எது என்று எனக்கே பிடிபடுவதில்லை. குளிரில் விறைத்த கையோடு மைதான ஓரத்தில் நின்று, "விடாதேடா தம்பி!" என்று தமிழில் கத்துவேன். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயத் தாய்மாருக்கு இப்போது அந்தச் சொல் மனப்பாடம். ஆட்டம் முடிந்து சேறு பூசிய இருபத்திரண்டு பேரும் குன்றேறி வரும்போது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாட்டுக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஜோன் ஃபார்மர் என்ற இசை ஆசிரியரும் எட்வர்ட் போவன் என்ற பாட ஆசிரியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பள்ளிக்கென்று பாட்டுகளை உண்டாக்கினார்கள். பையன்களின் வாழ்க்கையே பாட்டுப் பொருள். 1872இல் எழுதிய 'ஃபோர்ட்டி இயர்ஸ் ஆன்' மிகப் புகழ்பெற்றது. நாற்பது ஆண்டு கழித்து நாம் எங்கெங்கோ பிரிந்திருக்கும்போது இன்றைய ஆட்டக்களம் நினைவுக்கு வருமே என்று பையன்கள் பாடுவதாக அமைந்த பாட்டு. புதிதாக வந்தவன் முகம் தெரியாத கூட்டத்தில் திகைத்து நிற்பதைச் சொல்லும் பாட்டும் உண்டு. அதை ஒரு பிஞ்சுக் குரல் தனியே தொடங்க, பின்னால் சபை முழுதும் சேர்ந்துகொள்ளும். வீட்டை விட்டு வந்த பிள்ளையின் பயத்தை அந்தப் பிள்ளையின் வாயாலேயே பாடவைத்து, மற்றவர்கள் குரலால் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். எந்த உளவளத்துணையாளர் இதைவிட நன்றாகச் செய்வார்?

வின்ஸ்டன் சேர்ச்சில் இங்கே 1888 முதல் 1892 வரை படித்தவர். லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940 டிசம்பரில், பிரதமராக, பாட்டுக் கேட்பதற்காகக் குன்றேறி வந்தார். பிறகு முதுமை வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் வந்தார். நாட்டின் பாரம் முழுவதையும் சுமந்த மனிதருக்குப் பையன்களின் பாட்டு தேவைப்பட்டிருக்கிறது. அவர் பெயரில் இன்றும் ஒரு பாட்டு மாலை நடக்கிறது. இல்லங்கள் தங்களுக்குள் போட்டிபோட்டுப் பாடும் 'கிளீஸ் அண்ட் ட்வெல்வ்ஸ்' வேறு. மகனின் இல்லத்தில் பாட்டு மாலை என்றால் வேலையில் நான் முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிடுவேன். சொற்கள் இப்போது எனக்கும் தெரியும், நானும் சேர்ந்து பாடுவேன்.

பெருநிகழ்ச்சிகள் நடக்கும் ஸ்பீச் ரூம், வில்லியம் பர்ஜஸ் வரைந்து 1870களில் கட்டியது. அரைவட்டமாகப் படிப்படியாய் ஏறும் இருக்கைகள். 1940களில் ரொனால்ட் வாட்கின்ஸ் என்ற ஆசிரியர் இதன் அமைப்பைப் பார்த்து, ஷேக்ஸ்பியர் காலத்து மேடை இங்கேயே இருக்கிறதே என்று கண்டுகொண்டு, பெண் பாத்திரங்களையும் பையன்களுக்கே கொடுத்து அக்கால முறையில் நாடகங்களை அரங்கேற்றினார். அந்த மரபில் இன்றும் நாடகம் நடக்கிறது.

1615இல் கட்டிய ஃபோர்த் ஃபார்ம் ரூம் என்ற பழைய வகுப்பறை இன்னொரு அதிசயம். சுவரின் ஓக் பலகைகளில் பையன்கள் கத்தியால் வெட்டிய பெயர்கள். பைரன் இருக்கிறார், பின்னாளில் பிரதமரான பீல் இருக்கிறார். ஹாரி பாட்டர் முதல் படத்தில் மந்திர வகுப்பு நடப்பது இந்த அறையில்தான். இன்று சுவரில் யாரும் வெட்டுவதில்லை, பதிலாக இல்லத்துப் பெயர்ப் பலகைகளில் பையன்களின் பெயர்களைச் செதுக்கி வைக்கிறார்கள். ஜவாஹர்லால் நேரு 1905 முதல் 1907 வரை இங்கே படித்தார். நன்றாகப் படித்ததற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது கரிபால்டியைப் பற்றி ட்ரெவெல்யன் எழுதிய ஒரு புத்தகம். அது பிடித்துப்போய் மற்றப் பாகங்களையும் தேடிப் படித்தார் என்றும், இத்தாலியைப் போல இந்தியாவும் என்ற கனவு அப்போது மனதில் எழுந்தது என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேரரசுக்கு ஆட்களைத் தயார்செய்த பள்ளி, அந்தப் பேரரசை அனுப்பிவைத்தவரின் கையில் ஒரு விடுதலைப் போர் வரலாற்றையும் கொடுத்திருக்கிறது!

கோடைத் தவணை கிரிக்கெட்டுக்கு. ஈட்டன் பள்ளியோடு ஆடும் லோர்ட்ஸ் ஆட்டத்தின் வரலாறு 1805இல் தொடங்குகிறது, அதில் பைரனே ஆடினார். வடக்கின் பெரும்போர் என்னும் யாழ்ப்பாணப் பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு ஈட்டன் - ஹாரோ என்றதும் ரத்தம் சூடாகிவிடும். 1910 ஆட்டத்தை ஹாரோக்காரர் இன்றும் பெருமூச்சோடு சொல்வார்கள். வெல்ல 55 ஓட்டங்கள் போதும். ஈட்டனின் ஃபௌலர் எட்டு விக்கெட்டைச் சாய்க்க, 45க்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். ஸ்பீச் டே அன்று பில் என்ற பெயர் கூப்பிடும் சடங்கு நடக்கும். முழுப் பள்ளியும் வரிசையாக வர, ஒவ்வொருவனும் தன் பெயர் கேட்டதும் தொப்பியைத் தூக்கிக் குரல் கொடுத்துக் கடந்து போவான். நீண்ட தமிழ்ப் பெயரைத் தட்டுத் தடங்கலின்றி அந்த முற்றத்தில் உரத்துச் சொல்லக் கேட்டது எனக்குப் பெரும் கொண்டாட்டம்.

கட்டணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு விதிக்கும் 20 வீத வற் வரியும் இதில் அடக்கம். எங்கள் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத தொகை, உதவித்தொகை இருப்பதால்தான் மகன் அங்கே இருக்கிறான். எங்கள் ஆட்கள் பலர் விலையைக் கேட்டவுடன் விண்ணப்பத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி என்ன, திறமைக்குத் தரும் உதவி என்ன என்று பள்ளியிடமே கேளுங்கள், நேரத்தோடு கேளுங்கள்.

பிள்ளையைச் சேர்க்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒருமுறை வரலாம். லண்டனைச் சுற்றிவரும் கப்பிற்றல் ரிங் நடைபாதை ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபுட்போல் லேன் வழியாக இறங்கி, மைதானங்களை ஒட்டிப் போகிறது. யாரும் நடக்கலாம், காசு கிடையாது. மாசி மாதத்துச் சனிக்கிழமைப் பிற்பகலாகப் பார்த்து, நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். தட்டைப் பந்தோடு சேற்றில் புரளும் பையன்களைக் கண்டால் நின்று பாருங்கள். ஓரத்தில் ஒருத்தி தமிழில் கத்திக்கொண்டிருப்பாள், அது நான்தான். போத்தலில் தேத்தண்ணி எப்போதும் கூடவே கொண்டுவருவேன்.