தற்காப்பு வகுப்பு எதைக் கற்றுத்தருகிறது?

அரசுப் பள்ளி ஆண்டு விழாக்கள் பலவற்றில் இப்போது இப்படியொரு நிகழ்ச்சி இடம்பிடிக்கிறது: வெள்ளைச் சீருடையில் வரும் மாணவிகள் அடுக்கி வைத்த ஓடுகளைக் கையால் உடைக்கிறார்கள், வம்பிழுக்க வரும் ‘ரௌடி’யைத் தூக்கிப் போடுகிறார்கள். கைதட்டல் பறக்கிறது. தன் மகள் இனித் தனியாகப் போய் வந்துவிடுவாள் என்று பெற்றோருக்கும் ஒரு தெம்பு வருகிறது. அந்தத் தெம்பு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதுதான் கேள்வி.

2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி வேண்டும் என்ற குரல் நாடெங்கும் வலுத்தது. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில், ராணி லட்சுமிபாய் பெயரில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி அளிக்க நிதி உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ என்று அது நடக்கிறது.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க முடியாது. மணிக்கட்டை ஒருவன் இறுகப் பற்றும்போது கையைப் பின்னால் இழுப்பதுதான் எல்லோருடைய இயல்பு. பிடி மேலும் இறுகும். அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடைவெளியை நோக்கிக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுத்தால், பலசாலியின் பிடியும் நழுவிவிடும். பத்து முறை பழகிய சிறுமிக்கு இது உடம்பில் ஏறிவிடுகிறது. கூடவே, வாய்விட்டுக் கத்துவதும் பழக்கமாகிறது. ‘பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது’ என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயமல்ல.

பயிற்சி பலன் தரும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் சார்லின் சென் குழு நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 9.8 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 விழுக்காடு. முயற்சி அளவிலேயே நின்றுபோன தாக்குதல்களும் பயிற்சி பெற்றவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஆனால் அந்தப் பயிற்சி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 12 மணி நேரம். அதில் அடி, உதை, விடுவிப்புக்கு ஒதுக்கியது சுமார் 2 மணி நேரம்தான். தெரிந்தவன் எல்லை மீறும்போது அதை ஆபத்து என்று அடையாளம் காண்பது, அவன் மனம் நோகுமே என்ற தயக்கத்தை உதறுவது, தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவது ஆகியவற்றுக்கே பெரும்பங்கு நேரம் போனது. நம் வகுப்புகளிலோ அடியும் உதையும்தான் பாடம். மற்றவை பாடத்திட்டத்தில் தலைகாட்டினால் பெரிது.

இந்தத் தலைகீழ்க் கணக்கு ஏன் ஆபத்தானது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பதிவான 31,677 பாலியல் வல்லுறவு வழக்குகளில் 96 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர். ஆண்டு விழா மேடையில் வரும் முகமறியாத ரௌடிக்கு மீதியில்தான் இடம். மாமா முறையுள்ள ஒருவர் தோளில் கை போடும்போது எந்தச் சிறுமியும் உதைக்கப் போவதில்லை. ‘கையை எடுங்க’ என்று உரக்கச் சொல்லவும், நடந்ததை அம்மாவிடம் தெரிவிக்கவும்தான் அவளுக்குத் துணிச்சல் வேண்டும். 2021இல் சென்னையில் கராத்தே பயிற்சியாளர் ஒருவரே பாலியல் புகாரில் கைதானார் என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

உடலின் இன்னொரு இயல்பையும் வகுப்புகள் சொல்வதில்லை. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வில், 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவு அசைவற்றுப் போனதாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்றும் உறைந்துபோனவளைப் பார்த்து ‘நீ ஏன் அடிக்கவில்லை?’ என்று கேட்டால், தற்காப்பு வகுப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

எல்லாப் பொறுப்பையும் பெண்ணின் தலையில் கட்டுவதிலும் கோளாறு இருக்கிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள்; கண்காணிப்பு கேமரா இல்லை. அரிவாளுக்கு முன் எந்தக் கராத்தேவும் கைகொடுக்காது. கைப்பையில் வைக்கும் மிளகு ஸ்பிரேக்கும் எல்லை உண்டு: எதிர்க்காற்றில் அடித்தவர் கண்ணுக்கே திரும்பும், மூடிய இடத்தில் எல்லோரையும் தாக்கும். 2014 பிப்ரவரியில் மக்களவையில் ஒரு உறுப்பினர் அதை அடித்தபோது, உறுப்பினர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டம் இந்த வகுப்புகளில் அநேகமாக வாயே திறப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. வல்லுறவு நோக்கத்துடனோ அமிலம் வீசியோ நடக்கும் தாக்குதலைத் தடுக்கும்போது தாக்கியவர் இறந்தாலும் 38ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆம் பிரிவு எல்லை கட்டுகிறது. ஓடிப்போகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பில் சேராது. இதை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆகவே வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. கால அட்டவணையை மாற்றி எழுத வேண்டும். பெண் பயிற்சியாளர்கள், அவர்களைப் பற்றியே புகார் சொல்ல வழி, தெரிந்தவரை மறுக்கும் ஒத்திகை, 1098, 14417 உதவி எண்களை அழைத்துப் பேசும் பழக்கம் ஆகியவற்றுக்கு முதலிடம் தரலாம். மாணவர்களையும் அதே வகுப்பில் உட்காரவைத்து, பேருந்தில் ஒருத்தி குரல் எழுப்பினால் சுற்றியிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கலாம். ஓடு உடைப்பதற்கு மீதி நேரம் போதும்.