கணக்கு வந்தது, தாளம் போனது

‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்த பிறகு, தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு வாதமும் பரவுகிறது: ஜாஸ் பழகத் தொடங்குகிறவருக்குச் சிங்கோபேஷன் பிடிபட வேண்டுமானால் கொன்னக்கோல் கணக்கே நேர்வழி என்பது அது. மம்சாபுரம் போன்ற சிற்றூரில் கீபோர்டு பழகும் பிள்ளை கைப்பேசியைத் திறந்தாலும் ஐந்தையும் ஏழையும் கூட்டிக் கோர்வை சொல்லும் பாடம்தான் முதலில் கண்ணில் படக்கூடும். இதில் நன்மை இல்லாமல் இல்லை. காசில்லாமல், வாத்தியமில்லாமல் பழகலாம். வாய்க்கு வந்தது கைக்கு வரும். ஓர் அடியை நான்காகவோ ஐந்தாகவோ பிசகாமல் பிரிக்கும் திறமையை இதைவிடத் தெளிவாகத் தரும் முறை வேறில்லை. ஆனாலும் தொடக்கநிலையில் இது கற்றுத் தருவது சிங்கோபேஷனை அல்ல.

சிங்கோபேஷன் என்பது சத்தம் எங்கே விழுகிறது என்பது மட்டுமல்ல. அடி ஓரிடத்தில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்க, சத்தம் வேறிடத்தில் விழ வேண்டும். அந்த இழுபறிதான் அதன் சாரம். ‘தகிட தகிட தக’ என்ற எளிய சொற்கட்டையே எடுத்துக்கொள்வோம். அடிக்கு இரண்டு எழுத்தாக இதை நான்கு அடிக்குள் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தின் லகுவை (ஒரு தட்டு, பிறகு மூன்று விரல் எண்ணிக்கை) போடும் கையை உற்றுப் பார்த்தால், முதல் ‘த’ தட்டில் விழும்; இரண்டாவது ‘த’ சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நட்டநடுவே, விரல் இல்லாத இடத்தில் விழும்; மூன்றாவது நடுவிரலில் வந்து சேரும். விரலில்லாத அந்த ஓர் இடத்தில்தான் பாடமே இருக்கிறது. மூன்று மூன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கியவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு ‘த’-வுக்கும் ஒரு தட்டுப் போடுகிறார், அல்லது கையையே விட்டுவிடுகிறார். அந்தக் கணமே நான்கு சம அடிகள் மறைந்து, இரண்டு நெட்டை, ஒரு குட்டை என மூன்று ஏற்றத்தாழ்வான அடிகள் அரசாளத் தொடங்குகின்றன. கணக்கு சரியாக வந்து நிற்கும், எட்டுக்கு எட்டு. ஆனால் எதிர்த்து நிற்க ஆளில்லாததால் எதிரடி என்ற ஒன்றே அங்கே நிகழவில்லை. பிழை காதுக்குத் தெரியாது, கூட்டலிலும் தெரியாது. இந்தப் பழக்கத்தின் பெரிய ஆபத்தே அதுதான்.

“கொன்னக்கோல் எப்போதும் கையில் தாளம் போட்டுத்தானே சொல்லப்படுகிறது?” என்று கேட்பார்கள். குருகுலத்தில் அப்படித்தான். பல காலம் தாளம் போட்டே பழகிய பிறகுதான் கோர்வை வரும். அங்கே கணக்கு கடைசிப் படி. இன்றைய பாடம் அந்தக் கடைசிப் படியை வாசலில் கொண்டுவந்து வைக்கிறது. ‘சக்தி’யையே சான்று காட்டுகிறவர்களுக்கும் பதில் இதுதான். ஜான் மெக்லாக்லின் 1970-களின் நடுவில் அந்தக் குழுவில் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமுடன் அமர்ந்தார். ஆனால் 1969-லேயே மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவில் கிதார் வாசித்தவர் அவர். ஜாஸின் அடி உடம்பில் ஊறிய பிறகு கணக்கைத் தேடி வந்தார். அவர் போன வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு அவர் பெயரைச் சொல்வது நியாயமாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. கோர்வை என்பது சமத்திலோ (தாளச் சுற்றின் முதல் அடி) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) கச்சிதமாக வந்து இறங்குவதற்காகப் போடப்படுவது. ஜாஸிலோ அடுத்த சுற்றின் சுரம் நான்காம் அடியின் பின்பாதியிலேயே முந்திக்கொண்டு விழுந்துவிடும். சமம் வரும்போது அந்த இடம் காலியாக இருக்கும். வெற்றிடத்தைத் தாங்கப் பழக வேண்டியவருக்கு இறங்குவதை மட்டுமே பழக்கினால் எப்படி? ஸ்விங்கில் அடியின் முதல் பாதி நீண்டு மறுபாதி குறுகும். காலப்பிரமாணம் தளர்ந்தால் இந்த வித்தியாசம் கூடும், விரைந்தால் ஏறக்குறைய மறையும். இதை எந்தக் கூட்டலில் அடக்குவது?

நம் இசையிலேயே இதற்குச் சரியான தொடக்கம் இருக்கிறது, அதுவும் கோர்வையில் அல்ல, எடுப்பில். தேசாதித் தாளத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனைகள் சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி எடுக்கின்றன. முதல் தட்டைச் சும்மா விட்டுப் பாட்டுக்குள் நுழைகிறவருக்கு எண்ணிக்கை உதவாது, தாளம்தான் உதவும். முளைப்பாரி கும்மியில் பாட்டின் சொல் கைத்தட்டுக்கு முன்பின்னாக விழுந்தாலும் கை நிற்பதில்லை. எழுத்தறியாத பெண்களும் இதைக் குறையில்லாமல் செய்திருக்கிறார்கள். மம்சாபுரத்துப் பிள்ளைக்கு முதல் பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்: கை தாளத்தை விடாமல் போடட்டும், வாய் தட்டில் ஒரு ‘த’, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு ‘த’ சொல்லட்டும், வேறெதுவும் வேண்டாம். இவ்வளவு சிறிய பாடம் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பது கடைசி ஆட்சேபம். ஜேம்ஸ் பி. ஜான்சன் 1923-இல் ‘சார்ல்ஸ்டன்’ பாட்டை அமைத்தது இதே இரண்டு ‘த’ விழும் இடங்களின் மேல்தான். அமெரிக்கா முழுவதும் அதற்கு எழுந்து ஆடியது.