இருட்டை மறக்காத படச்சுருள்

ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் நியோபான் அக்ரோஸ் 100 என்ற கறுப்பு-வெள்ளைப் படச்சுருளுக்கு ஒரு விவரத்தாள் உண்டு. வேகம், வளைகோடுகள், கழுவும் நேரங்கள் என்று எல்லாப் படச்சுருள்களுக்கும் இருக்கிற அதே வறண்ட தாள்தான். ஆனால் அதன் நடுவே சின்னஞ்சிறு அட்டவணை ஒன்று. 120 நொடிக்குக் குறைந்த எக்ஸ்போஷருக்குத் திருத்தம் எதுவும் வேண்டாம்; 120 நொடியிலிருந்து 1000 நொடி வரை அரை ஸ்டாப் கூட்டினால் போதும். அவ்வளவுதான். இரவில் முக்காலியோடு அலைந்து பழகியவர்களுக்கு இந்த வரியைப் படித்ததும் உடல் சிலிர்த்துவிடும். ஏன் என்று சற்று நின்று பார்ப்போம், வாருங்கள்.

படச்சுருளின் மேல் பூசிய ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் கோடிக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. ஒளித்துகள் ஒன்று வந்து படும்போது படிகத்துக்குள் ஒரே ஒரு வெள்ளியணு பிறக்கிறது. தனித்துப் பிறந்த அந்த அணு நிலையற்றது. அடுத்தடுத்து இன்னும் சில அணுக்கள் துணை சேர்ந்தால்தான் அது நிலைக்கும். பிறகு டெவலப்பரில் கறுக்கும். பகலில் ஒளி கொட்டுகிறது, கவலையில்லை. இரவில் ஒளி சொட்டுகிறது. இரண்டாம் சொட்டு விழுவதற்குள் முதலில் பிறந்த அணு கரைந்து பழைய உப்பாகிவிடும். படிகம் தான் கண்டதை மறந்துபோகிறது.

இந்த மறதியைத் தம் விண்மீன் படங்களில் கண்டு அளந்து சொன்னவர் ஜெர்மானிய வானியலாளர் கார்ல் ஷ்வார்ஷில்ட். பின்னாளில், 1916-இல், கருந்துளைகளுக்கு அடிப்படையான கணக்கை வெளியிட்ட அதே மனிதர்தான். மங்கிய ஒளியை வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்தவருக்கே அது கண்ணில் பட்டிருக்கிறது என்பதை நினைக்க மனம் நிறைகிறது. அவர் பெயரால் இன்றும் வழங்கும் அந்த விளைவுக்கு எந்தப் படச்சுருளும் முழுதாகத் தப்பியதில்லை. கோடாக்கின் புகழ்பெற்ற ட்ரை-எக்ஸில் லைட் மீட்டர் 100 நொடி என்று காட்டினால், நீங்கள் ஷட்டரை 1200 நொடி திறந்து வைக்க வேண்டும், இருபது நிமிடம். அதே நிறுவனத்தின் டி-மேக்ஸ் 100 என்றால் 200 நொடி. அக்ரோஸுக்கு 100 நொடி என்றால் 100 நொடி. காட்டிய நேரத்தை அப்படியே நம்பலாம்.

நேரம் மிச்சமாகிறது என்பதற்காக நான் இதைக் கொண்டாடவில்லை. அழகு இன்னும் உள்ளே இருக்கிறது. மறதி ஒரு காட்சி முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. விளக்கின் சுடர் பதிகிற இடத்தில் படிகம் மறப்பதில்லை. விளக்குக்குப் பின்னால் நிற்கும் சுவரில்தான் மறக்கிறது. அதனால் சாதாரண இரவுப் படத்தில் வெளிச்சம் துருத்திக்கொண்டு நிற்க, நிழல் எல்லாம் கறுப்புக் குழியாகிவிடும். அக்ரோஸில் நிழலும் வெளிச்சத்தோடு கூடவே நடந்து வரும். சுவரின் காரை பெயர்ந்த இடம், ஈரக் கல்லின் மினுமினுப்பு, கதவிடுக்கின் மெல்லிய சாம்பல், எல்லாம் தத்தம் இடத்தில், தத்தம் அடக்கத்தோடு.

இந்தப் படச்சுருள் பிறந்த மண்ணிலேயே வைத்து இதைப் பார்க்கலாம். ஃபியூஜி நிறுவனம் 1934-இல் தொடங்கியபோது அதன் ஆலை எழுந்தது ஜப்பானின் கனகாவா மாகாணத்தில், அஷிகாராவில். அதே மாகாணத்தின் ஹகோனே மலைகளுக்கு நடுவே ஆஷி ஏரி. கரையோர நீருக்குள் ஒரு செந்நிறத் தோரி வாயில் நிற்கிறது; பின்னால் சிடார் மரங்கள் அடர்ந்த காடு. அந்தி மங்கி, கண்ணுக்கே விளிம்புகள் கரையத் தொடங்கும் வேளையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அக்ரோஸில் ஒன்றரை நிமிடம் திறந்து வைத்தால் என்ன வரும்? அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து படிந்து, ஏரி பனிப்பரப்பாகிவிடும். தூண்கள் மட்டும் அசையாமல் கூர்மையாக நிற்கும். காட்டுக்குள் மரத்தைப் பிரித்து மரம் தெரியும். கண் பார்த்ததைவிட அதிகமாகவே அந்த இருள் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

அந்த வாயிலின் செந்நிறத்தைச் சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு நயம் இருக்கிறது. அக்ரோஸ் சிவப்பைக் கொஞ்சம் குறைவாகப் பார்க்கும் இனம். எல்லா நிறங்களையும் காணும் பான்குரோமேட்டிக் வகைதான், ஆனாலும் சிவப்புக் கோடியில் அதன் கண் சற்றே தாழ்ந்துவிடும். எனவே செந்தூரம் பூசிய தூண்கள் ஒரு படி கூடுதலாகக் கறுக்கும். இலைப்பச்சை ஒரு படி கூடுதலாக வெளுக்கும். வானத்தின் நீல ஒளி மட்டுமே விழும் நிழல்கள் மூச்சு விடும். மனித முகத்தில் இதே குணம் இன்னும் அழகாக வேலை செய்கிறது. உதடுகள் செதுக்கினாற்போல் எழும். கன்னத்தின் சதை உருண்டு திரள்வது புலப்படும். மேக்கப் இட்டு மழுப்பிய வழவழப்பை இதில் எதிர்பார்க்க முடியாது. எந்த முகத்துக்கும் அதற்குரிய கனத்தைக் கொடுக்கிற பார்வை இது.

அடுத்து, துகள். கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் தெரியுமே, அந்தக் கிரெய்ன். ட்ரை-எக்ஸின் துகளுக்கு ஒரு முரட்டு அழகு உண்டு. தெருவையும் கூட்டத்தையும் எடுப்பவர்கள் அதற்காகவே அதை விரும்புவார்கள், நானும் விரும்புகிறேன். அக்ரோஸ் வேறு சாதி. மூன்று முறை சலித்த கோலமாவைப் போல் அத்தனை நைசு. துகளின் பருமையை அளக்கும் ஆர்.எம்.எஸ். கணக்கில் ட்ரை-எக்ஸுக்கு 17 என்றால் இதற்கு 7. கடும் வேற்றுமை உள்ள கோடுகள் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் 200 கோடுகளைப் பிரித்துக் காட்டும். எண்கள் கிடக்கட்டும். தெளிந்த வானத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். வெறுமையாகத் தெரியாது; உயிருள்ள தோலைப் போல மிக மெல்லிய ஓர் இழை அதில் ஓடிக்கொண்டிருக்கும். துகளே இல்லாத படத்தில் அந்த இழை இருக்காது, துகள் மிகுந்த படத்தில் அது தொலைந்துபோகும்.

இந்த நைசுத்தன்மை கொடுத்த துணிச்சலில்தான் பலர் இதை ரொடினாலில் கழுவினார்கள். 1891-லிருந்து புழக்கத்தில் இருக்கும் அந்தப் பழம்பெரும் டெவலப்பர் துகளை மழுக்காது. இருப்பதை இருக்கிறபடி கூர்மையாகக் காட்டிவிடும். முரட்டுப் படச்சுருளை அதில் இட்டால் முரட்டுத்தனம் இரட்டிக்கும். அக்ரோஸில் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை, ஆகவே கூர்மை மட்டும் வந்து சேரும். ஒரு பங்குக்கு நூறு பங்கு நீர் கலந்து, டேங்கை அசைக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவது பலரின் வழக்கம். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து சீக்கிரம் தீர்ந்து ஓய்ந்துவிடும். நிழலில் மருந்து மிச்சமிருந்து நிதானமாக வேலை பார்க்கும். கழுவி எடுத்த நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால், வெள்ளிச் சாம்பலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து இறங்கும். எந்தப் படியிலும் வெட்டு இருக்காது.

2018 ஏப்ரலில் ஃபியூஜிஃபிலிம் இந்தப் படச்சுருளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கூடவே கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட் தாளும். நியோபான் 400-உம் 1600-உம் முன்பே போய்விட்டன. அந்த நிறுவனத்திடம் மிஞ்சியிருந்த கடைசிக் கறுப்பு-வெள்ளைச் சுருள் அக்ரோஸ்தான். வாங்குவோர் குறைந்தார்கள், மூலப்பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று என்பவை காரணங்கள். அந்த ஆண்டு அக்டோபரோடு விற்பனை முடிவதாகத் தேதியும் குறித்தார்கள். இதில் ஒரு விசித்திரம், 2016-இல் எக்ஸ்-ப்ரோ 2 கேமராவோடு டிஜிட்டல் படங்களுக்கு 'அக்ரோஸ்' என்ற சாயலை அதே நிறுவனம் கொண்டுவந்திருந்தது. அந்தச் சாயல் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மூலச்சுருள் இல்லாமல் அதன் சாயல் மட்டும் உலவுவது புகைப்படக்காரர்களை உறுத்திற்று.

செய்தி கேட்டு அவர்கள் செய்தது என்ன? கையில் இருந்த பணத்துக்கெல்லாம் ரோல்களை வாங்கி உறைபெட்டியை நிரப்பினார்கள்; குளிரில் படச்சுருள் பல ஆண்டு கெடாது. பெரிய வடிவக் கேமராக்காரர்கள் 4×5 தாள்களைத் தேடி ஓடினார்கள். இல்ஃபோர்டு டெல்டா 100 ஈடாகுமா, டி-மேக்ஸ் ஈடாகுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பகலுக்கு ஈடு கிடைத்தது. இரவுக்குக் கிடைக்கவில்லை. புலம்பல் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தச் சின்ன அட்டவணையிலேயே வந்து நின்றது. ஒரு பொருளின் மேன்மை எதில் இருக்கிறது என்பதை அதைப் புழங்கியவர்கள் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களுக்கு இந்த வலி புதிதல்ல. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை தயாரித்த 'இந்து' பிலிமையும் தாளையும் வைத்துத் தொழில் பழகிய ஸ்டுடியோக்காரர்கள் நம்மிடையே உண்டு. மலைக்காற்றில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, நின்றுபோன பிறகு மீளவே இல்லை.

அக்ரோஸ் மீண்டது. 2019 ஜூனில் அக்ரோஸ் II வருகிறது என்று அறிவித்தார்கள். நவம்பரில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. கிடைக்காத மூலப்பொருள்களுக்கு மாற்றுத் தேடி, தயாரிப்பு முறையையே மறுபடி அமைத்ததாக நிறுவனம் சொன்னது. பெட்டியில் இப்போது இங்கிலாந்தில் செய்தது என்று அச்சாகியிருக்கிறது. அதனால் இது உண்மையான அக்ரோஸ்தானா என்ற வாதம் ஓயவில்லை. வெளிச்சப் பகுதிகளில் வேற்றுமை முன்னைவிடக் கொஞ்சம் தூக்கல். வெயிலில் எடுத்த வெள்ளைச் சுவரில் அதைக் காணலாம். என் தீர்ப்பைக் கேட்டால், இது அக்ரோஸ்தான். துகளின் நைசு அப்படியே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய விவரத்தாளிலும் அதே அட்டவணை, அதே 120 நொடி. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

வந்திருப்பது 35 மி.மீ. சுருளும் 120 சுருளும் மட்டுமே; 4×5 தாள் வரவில்லை. விலையும் குறைவில்லை. ஆனாலும் ஒரு ரோல் வாங்குங்கள். வாங்கியதை உறைபெட்டியில் வைத்துவிடாமல், விளக்கேற்றிய பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு ஏதாவதொரு நீர்நிலைக்குப் போங்கள். லைட் மீட்டர் 100 நொடி என்று காட்டினால் 100 நொடியே கொடுங்கள்.