பாயும் கரைசலும் நுண்மின்முனையும்: சில பாணிகள்

ஓர் அரவை ஆலை மணிக்கு எத்தனை மூட்டை அரைக்கும் என்று அறிய வேண்டுமானால், நெல் தடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வண்டி தாமதித்தால் நாம் அளப்பது வண்டியின் வேகத்தை, ஆலையின் வேகத்தை அல்ல. மின்முனைக்கும் கரைசலில் உள்ள மூலக்கூறுக்கும் இடையே எலக்ட்ரான் கைமாறும் வேகத்தை அளக்க முனைந்த எல்லாருக்கும் இதுதான் சிக்கல். ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் எலக்ட்ரானைச் சட்டென்று கொடுத்துவிடும். அடுத்த மூலக்கூறோ விரவலால் மெல்ல ஊர்ந்துதான் வந்து சேரும். அதை எப்படி விரைந்து கொண்டுவருவது என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் ஒரு விடை சொன்னது. அந்த விடைகளே இத்துறையின் பாணிகள்.

பிராகில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் சொட்டும் பாதரசத்தை மின்முனையாக்கினார். 1959-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு துளியும் புத்தம் புதிய பரப்பு என்பதால், மின்முனை மாசற்றிருக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தைப் பிராகிடமிருந்தே இத்துறை கற்றது. மாஸ்கோவின் லெவிச் 1942-இல் சுழலும் வட்டு மின்முனைக்குக் கணக்கு வகுத்தார். கரைசல் எப்படி நகர்கிறது என்பதைச் சமன்பாட்டில் எழுதிவிட்டே சோதனையைத் தொடங்கலாம் என்ற துணிவு அவரால் வந்தது. ஆனால் வட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழன்றாலும், அது ஃபெரோசீனைக் கொண்டுவரும் வேகம் நொடிக்கு சுமார் 0.04 செ.மீ.தான். எலக்ட்ரான் கைமாறும் வேகமோ அதைவிடப் பல மடங்கு.

இன்னொரு பாணி கரைசலை அசைக்காமல் நேரத்தைச் சுருக்கியது. மின்னழுத்தத்தை மேலும் கீழும் வேகமாக ஓட்டி, மின்னோட்டத்தின் இரு உச்சிகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் முறை அது. 1965-இல் நிக்கல்சன் அந்த விலகலிலிருந்து எலக்ட்ரான் கைமாறும் வேகத்தைக் குறிக்கும் வேக மாறிலியைக் கணிக்க வழி சொன்னார். பாரிசில் அமாதோர் குழுவினர் நொடிக்குப் பத்து லட்சம் வோல்ட்டையும் தாண்டி ஓட்டினார்கள். வியக்கத்தக்க திறமைதான். ஆனால் அந்த வேகத்தில் மின்முனைப் பரப்பு மின்னேற்றம் கொள்ளும் மின்னோட்டம், நாம் தேடும் மின்னோட்டத்தை விழுங்கப் பார்க்கும். முனை சிறிதாகச் சிறிதாக அதன் மின்னேற்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, கரைசலின் தடையோ ஆரம் குறையும் அளவுக்கே கூடுகிறது. இரண்டின் பெருக்கமான மின்னேற்ற நேரம் இதனால் குறைகிறது. அதனால்தான் நுண்மின்முனை இல்லாமல் பாரிஸ் பாணியே இல்லை.

என் மனம் அதிகம் நிலைப்பது ஆக்ஸ்ஃபோர்டிலும் வார்விக்கிலும் உருவான பாணியில். அங்கே நுண்மின்முனையும் பாயும் கரைசலும் கைகோத்தன. 1994-இல் வார்விக்கின் மக்ஃபர்சன், அன்வின் குழுவினர் மெல்லிய குழாய் முனையிலிருந்து கரைசலை நேராக நுண்மின்முனை மேல் பீய்ச்சினார்கள். 1995-இல் ஆக்ஸ்ஃபோர்டின் காம்ப்டன் குழுவினர் மிகக் குறுகிய வாய்க்கால் ஒன்றின் தரையில் மைக்ரோமீட்டர் அளவில் அகலமுள்ள பட்டை மின்முனையைப் பதித்து, அதன் மேல் கரைசலை அழுத்தத்தால் விரட்டினார்கள். சுவரோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும், சுழிப்பில்லாமல் அடுக்கடுக்காக அது பாய்கிறது. உச்ச மின்னோட்டம் பாய்வு அளவின் கனமூலத்துக்கு ஏற்பவே கூடுவதால், எட்டு மடங்கு பாய்ச்சினால் இரண்டு மடங்குதான் கிடைக்கும். பாய்ச்சலை மட்டும் நம்பிப் பயனில்லை, பட்டையும் குறுக வேண்டும். இந்தப் பாணியின் மேன்மை என்னவென்றால், மின்னோட்டம் நிலைத்த நிலைக்கு வந்துவிடுவதால் மின்னழுத்தத்தை நிதானமாகவே ஓட்டலாம், மின்னேற்ற மின்னோட்டத்தின் இரைச்சல் குறுக்கிடாது.

தரம் என்று வந்தால் எல்லாப் பாணிகளுக்கும் ஒரே அளவுகோல்தான்: அளந்தது உண்மையில் எதிர்வினையின் வேகம்தானா? ஃபெரோசீனுக்கு அளக்கப்பட்ட வேக மாறிலி மதிப்புகள் கருவி மேம்பட மேம்படப் பெரும்பாலும் உயர்ந்தே வந்தன. ஆஸ்டினில் பார்ட் வளர்த்த, மின்முனையை ஒரு பரப்புக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய் அளக்கும் வருடு மின்வேதி நுண்ணோக்கி முறை 1993-இல் நொடிக்கு 3.7 செ.மீ. என்றது. பழைய குறைந்த மதிப்புகள் பலவற்றில் அளக்கப்பட்டது எதிர்வினையின் வேகமல்ல, கரைசலின் தடைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில் தடையும் மெதுவான எதிர்வினைபோல் வேடம் போடும். பாய்வைக் கூட்டும்போது அரையலை மின்னழுத்தம் (மின்னோட்டம் தன் உச்சத்தில் பாதியை எட்டும் மின்னழுத்தம்) நகர்ந்தால் அதை வேக மாறிலியின் சுவடு என்று உடனே எழுதிவிடக் கூடாது. மின்னோட்டம் கூடியதால் தடையும் அதே நகர்வைத் தந்திருக்கலாம். எதிர்வினையாற்றும் மூலக்கூறின் செறிவை மட்டும் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். தடையால் வந்த நகர்வு பாதியாகும், எதிர்வினையால் வந்தது அப்படியே நிற்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் கிடைத்த பலனை 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்க்கலாம். மூலக்கூறு பெரிதாக இருந்தால் சுற்றியுள்ள கரைப்பான் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளச் செலவாகும் ஆற்றல் குறையும், எலக்ட்ரான் விரைந்து கைமாறும் என்பது மார்க்கஸ் கோட்பாடு. ஆந்த்ரசீனையும் அதன் உறவு மூலக்கூறுகளையும் அதிவேக வாய்க்கால் மின்முனையில் ஒவ்வொன்றாக ஓட்டி, கரைசலில் அவற்றின் ஆரத்தோடு வேக மாறிலி எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். எல்லாமே வேகமானவை, ஒன்றுக்கொன்று வேறுபாடு சிறிது. அந்தச் சிறிய வேறுபாட்டையே பாயும் கரைசல் காட்டித் தந்தது.