தண்டுவடம் அடிபட்டவருக்குக் குழந்தை: எந்த வழி முதலில்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் இளைஞனின் முதுகெலும்பு உடைய எத்தனையோ வழி இருக்கிறது. தென்னையிலிருந்து விழலாம், சுவர் இல்லாத கிணற்றில் விழலாம், தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் பைக்கோடு சாயலாம். காளையும் முட்டலாம்: தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பதும் இந்த வட்டாரத்துத் தச்சங்குறிச்சியில்தான். இப்படி அடிபடுகிறவர்களில் பலர் கல்யாணமாகிச் சில வருடமே ஆனவர்கள், அல்லது வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது யூரின் ட்யூப் மாற்றவும் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடவும் சொல்லித் தருகிறார்கள். குழந்தை பெறுவதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பிறகு ஊர் கேட்கிறது, அதுவும் மனைவியிடம்தான் கேட்கிறது. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கருத்தரிப்பு மையம் தேடிப் போகும் தம்பதிக்குப் பல இடங்களில் ஒரே பதில்: விதைப்பையிலிருந்து ஊசியால் விந்தணுவை எடுத்து, முட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறை.

அந்த முறையைக் குறைத்துப் பேச முடியாது. 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அதன் முதல் வெற்றியை வெளியிட்டார்கள். அதுவரை வழியே இல்லாதிருந்த எத்தனையோ ஆண்கள் அதன் பின் அப்பாவானார்கள். முட்டை ஒன்றுக்கு ஓர் அணு போதும். மனைவிக்கு வயது கூடிவிட்டாலோ, கருக்குழாய் அடைபட்டிருந்தாலோ நேராக அதற்குப் போவதே சரி. என் ஆட்சேபம் அது முதல் படியாக வைக்கப்படுவதில்தான். அடிபட்டவர் கணவர். ஹார்மோன் ஊசிகளும், மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பதும், லட்சக்கணக்கான செலவும் எந்தக் குறையுமில்லாத மனைவியின் உடம்பின் மேலும் குடும்பத்தின் மேலும் இறங்குகின்றன.

எளிய வழி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. விந்து வெளிப்படுவது மூளையின் கட்டளை இல்லாமலும் நடக்கக்கூடிய அனிச்சைச் செயல். அதன் நரம்புச் சுற்று தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. காயம் பத்தாவது மார்பு நரம்பு மட்டத்துக்கு மேலே என்றால் அந்தச் சுற்று பெரும்பாலும் பிழைத்திருக்கும். நொடிக்கு 100 தடவை, 2.5 மில்லிமீட்டர் வீச்சில் அதிரும் கருவியை ஆண்குறியின் நுனியில் வைத்தால், இவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு விந்து வெளிவருகிறது. அந்த மட்டத்துக்குக் கீழே அடிபட்டவர்களுக்கு இது அநேகமாகப் பயன்படாது. மலக்குடல் வழியாக மெல்லிய மின்தூண்டல் கொடுக்கும் முறை அவர்களுக்கு இருக்கிறது. கிடைக்கும் விந்தில் அணுக்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவதில்லை, நீந்தும் திறன்தான் குறைகிறது. அந்தச் சரிவும் காயம் பட்ட முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே 'வருஷம் போகப் போகக் கெட்டுப்போகும், உடனே ஊசியால் எடுங்கள்' என்ற அவசரத்துக்கு ஆதாரம் இல்லை. சிலருக்கு விந்து பழுப்பு நிறத்தில் வரும். பார்த்தால் பகீரென்றிருக்கும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை.

போதுமான அணுக்கள் நீந்தினால் வீட்டிலேயே சிரிஞ்சில் எடுத்து மனைவியின் பிறப்புறுப்பில் செலுத்திப் பார்க்கலாம். இப்படி முயன்ற தம்பதிகளில் சுமார் 40 சதவீதம் பேர் கருத்தரித்ததாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். நல்ல அணு இருந்த, மனைவிக்குக் குறையில்லாத தம்பதிகளாகப் பொறுக்கி எடுத்த கணக்கு அது. கருவி வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரியது ஆபத்து: ஆறாவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு இந்தத் தூண்டலால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, பக்கவாதம் வரைக்கும் போகலாம். முதல் சில தடவை மருத்துவர் முன்னிலையில், முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, அழுத்தத்தை அளந்துகொண்டே செய்ய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கருத்தரிப்பு மருத்துவருக்குத் தண்டுவடம் பழக்கமில்லை. மறுவாழ்வு மருத்துவரோ குழந்தைப் பேச்சைத் தன் வேலையாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலேயே கணிசமான மையங்கள் கருவியும் பயிற்சியும் இல்லாததால் நேரே ஊசிக்குப் போகின்றன. தமிழ்நாட்டிடம் மறுவாழ்வு அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் சிஎம்சியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது. இனப்பெருக்கம் பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. கந்தர்வக்கோட்டை வீட்டுக்கு அந்தத் தகவலைக் கொண்டுபோகும் ஆள்தான் இல்லை.

அடிபட்டவர் மனைவி என்றால் கதை வேறு. நின்ற மாதவிலக்கு சில மாதங்களில் திரும்பும், கருவும் இயல்பாகவே தங்கும். அவருக்கு வேண்டியது, வலி தெரியாமலே பிரசவம் தொடங்கிவிடலாம் என்பதையும் அப்போது அழுத்தம் எகிறலாம் என்பதையும் அறிந்த பிரசவ வார்டு.

புதுக்கோட்டையில் 2017இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதிர்வுக் கருவி ஒன்று, இரத்த அழுத்தமானி, நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர், மாதத்தில் ஒரு நாள். ஊசி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல இவ்வளவு போதும். ஊசி தேவைப்படுகிறவர்கள் அதன் பிறகு திருச்சிக்குப் போகட்டும்.