அறத்தொடு நிற்றலும் பத்தொன்பதாம் பிரிவும்

சென்ற ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் தன் பயிற்சிக் கையேட்டின் தமிழைப் பார்த்துத் தரச் சொன்னது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு வரும் வேலை இதுதான்: ஒற்று போடு, பிழை திருத்து, கிளம்பு. சமவயதுக் கல்வியாளர்களுக்கான கையேடு அது. தன் வயதுப் பிள்ளைகளிடம் மாதவிடாய், கருத்தடை, பால்வினை நோய் பற்றியெல்லாம் பேசப் பழக்கப்படும் பிள்ளைகளுக்கானது. ஒரு பக்கத்தில், தோழி நம்பிச் சொல்வதை யாரிடமும் சொல்லாதே என்றிருந்தது. நாலு பக்கம் தள்ளி ஒரு கட்டத்துக்குள், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் பாலுறவு பற்றித் தெரியவந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. இரண்டு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. திருத்தி அனுப்பிவிட்டேன்.

பிறகு பயிற்சியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, ரெண்டுல எதுக்கா?" பயிற்றுநர் சொன்னார்: "மேல சொல்லிடு, அவங்க பாத்துப்பாங்க." யார் அந்த 'அவங்க'? இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

நம்மவர்களில் சிலர் இதையெல்லாம் என்ஜிஓ அரசியல் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பாலியல் கல்விக்கு நம் நாட்டுப் பண்பாட்டில் இடமே இல்லை என்ற தொனியில் அறிக்கை தந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில், மத்திய அரசு வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இரண்டு பெண், இரண்டு ஆண் என்று கிராமத்துக்கு நான்கு பேர் சமவயதுக் கல்வியாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இவர்களுக்கு வைத்த பெயர் 'சாத்தியா'. இந்தியில் தோழமை. தமிழ்க் காதுக்குக் கதவைச் சாத்தியாச்சா என்று கேட்கிறது; பெயர் வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

2017 பிப்ரவரியில் வெளியான சாத்தியா தொகுப்பு, பையன் அழலாம் என்றது. ஈர்ப்பு எதிர்ப்பாலின்மீதும் வரலாம், தன்பாலின்மீதும் வரலாம் என்றது. அப்போது 377ஆம் பிரிவு முழு உயிரோடு இருந்தது. வயதுவந்தோரின் இசைவான உறவிலிருந்து உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2018 செப்டம்பரில்தான். சட்டம் குற்றமென்று சொன்னதை அதே அரசின் ஒரு துறை இயல்பு என்று அச்சடித்துக் கொடுத்தது. அரசு என்பது ஒற்றைக் குரல் அல்ல. அதன் பிரதிகளுக்குள்ளேயே விரிசல் இருக்கிறது. அந்த விரிசலில்தான் நாம் வாசிக்க வேண்டும்.

சமவயதுக் கல்வியாளரைத் தமிழ் இதற்கு முன்பே அறியும். அகக் கவிதையின் தோழி அவள்தான். தலைவியின் உடல் மெலிகிறது. தாய் இது முருகு அணங்கிய நோய் என்று வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு எடுக்கிறாள். நோய் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் தோழி. ஊர் அலர் தூற்றுகிறது. பெண்ணை வீட்டில் அடைத்து வைக்கிறார்கள். இற்செறிப்பு என்று நாம் பரீட்சைக்கு எழுதினோமே, அதற்கு இன்றைய பெயர் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது. இந்த நெருக்கடியில் தோழி வாய்திறக்கிறாள். தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்று செய்தி படிப்படியாக ஏறுகிறது. இதற்குத்தான் அறத்தொடு நிற்றல் என்று பெயர். குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்குச் சொல்வதுதான். ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்கிறது மரபு. வெளியாளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட பாடமே ஒரு தோழி ரகசியத்தை எப்படி உடைக்கிறாள் என்பது.

சங்கப் பெருமை பேச நான் வரவில்லை. தோழி உடைக்கும் ரகசியம் திருமணத்தில்தான் போய் முடியவேண்டும், கற்பு என்ற தொழுவத்துக்குள். தலைவிக்கு வேறு வழி அந்த இலக்கணத்தில் கிடையாது. தோழி தலைவிக்குச் சமமும் இல்லை. அவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். செவிலி வளர்ப்புத் தாய், பாலூட்டியவள். வேலைக்காரியின் மகள் என்று நாம் சொல்லக் கூச்சப்படுகிறோம். தலைவியின் காதலைத் தூக்கிச் சுமக்கும் அவளுக்கென்று ஒரு காதல் உண்டா? கவிதை கேட்பதே இல்லை. சாத்தியாவுக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பில், அதுவும் பணமாக இல்லாமல், ஊக்கம் தரும்படி திட்டம் வகுத்தவர்களும் கேட்கவில்லை. (பையன்கள் பக்கம் பாங்கன் இருக்கிறான். அவன் வேலை கழறல். எங்கள் கையேட்டில் ஆண்களுக்கான பகுதி முழுக்கக் கழறல்தான்: குடிக்காதே, வம்பு பண்ணாதே.)

ஆனாலும் தோழியிடம் ஒன்று இருந்தது. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்ற மூன்றும் அவள் கையில் இருந்தன. செவிலி எவ்வளவு தாங்குவாள் என்று எடைபோட்டு, பாதியைக் குறிப்பால் சொல்லி, பாதியை விழுங்கி, தலைவி உயிரோடு இருக்கும்படி சொல்கிறாள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிடுங்கிக்கொள்வது இந்த மூன்றையும்தான். சம்மத வயது 16இலிருந்து 18 ஆனது. 17 வயதுப் பெண் விரும்பித்தான் போனாள் என்பது சட்டத்தின்முன் செல்லாது. பத்தொன்பதாம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இருபத்தொன்றாம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: சொல்லாமல் விட்டவர் தாமே குழந்தையாக இருந்தால் தண்டனை இல்லை. சாத்தியாவின் வயதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். பதினேழில் தோழி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் குற்றவாளி. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சிறுமியை வல்லுறவு செய்தவனைக் காப்பாற்றியது குடும்பத்தின் மௌனம்தான், அதை உடைக்கத்தான் இந்தப் பிரிவு வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. சொந்த மாமாவிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இந்தச் சட்டம் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையையும், பக்கத்துத் தெருப் பையனோடு பழகிப் பத்து நாள் தள்ளிப்போனதால் பயந்துபோன பிள்ளையையும் ஒரே படிவத்தில் நிரப்புகிறார்கள். பையன் வேறு சாதியாக இருந்தால் அந்தப் படிவம் யார் கைக்கு ஆயுதமாகும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே செய்தி செவிலிக்குப் போகவில்லை, நேரே தமையன்மாருக்குப் போகிறது, காவல்நிலையம் வழியாக. நீதிமன்றங்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இளம்பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. மருத்துவருக்குக் கிடைத்தது அந்தச் சலுகை. மருத்துவரிடம் போகலாமா என்று அவள் முதலில் யாரிடம் கேட்டாளோ, அந்தத் தோழிக்கு இல்லை.

கையேட்டுக்காரர்களிடம் திரும்பப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். ரகசியம் காப்பேன் என்று தொடங்காதீர்கள். "நீ சொல்றதுல சிலதை நான் வெளிய சொல்ல வேண்டி வரும், எதுன்னு மொதல்ல சொல்லிடறேன், அப்புறம் சொல்லலாமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு" என்று, இதே பேச்சுத்தமிழில், முதல் பக்கத்தில் போடுங்கள். சம்மதம் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறீர்களே, அது இங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும். அப்படிப் போட்டால் யாருமே வாய்திறக்க மாட்டார்கள் மேடம் என்றார் ஒருங்கிணைப்பாளர். இருக்கலாம். கடைசி வரிசைப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை என்றும் அவர்தான் சொன்னார்.