உக்கிராணமும் சுதந்தரமும்

லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு கட்டுரையொன்று, இயற்கையின் சீரழிவுக்கு மேலைக் கிறிஸ்தவம் பெரும் பொறுப்பேற்க வேண்டும் என்று குற்றஞ்சாட்டியது. மரத்திலும் ஊற்றிலும் ஆவிகள் உறைகின்றன என்னும் நம்பிக்கையைத் திருச்சபை அகற்றியபின், அவற்றை அழிக்க மனிதன் கூசவில்லை என்பது அவர் வாதம். இதற்கு விடையாக இறையியலார் பலர் உக்கிராணத்துவத்தை முன்வைத்தனர். மனிதன் பூமிக்கு உடையவன் அல்லன், கணக்கொப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரனே என்றனர். கனடா நாட்டு டக்ளஸ் ஜான் ஹால் 1982இல் எழுதிய நூல் இக்கருத்துக்கு ஆழம் தந்தது. நம் பிரசங்கபீடங்களிலோ, அது பெரும்பாலும் காணிக்கையைப்பற்றிய போதனையாகவே நின்றுவிட்டது.

இவ்விடை போதுமானதா? ஒடிசாவின் நியமகிரியில் இதை வைத்துப் பார்ப்போம். அம்மலையுச்சியின் பாக்சைட்டை வெட்டியெடுத்து, அடிவாரத்து லாஞ்சிகரில் உள்ள வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்குக் கொடுப்பது திட்டம். மழைநீரைத் தேக்கி ஓடைகளாக விடுவதும் அதே பாக்சைட்டுப் படிவமே. அங்கு வாழும் டோங்ரியா கோண்டு மக்களுக்கு அம்மலை நியமராஜாவின் இருப்பிடம். அவர்கள் பல்லாண்டு எதிர்த்து நின்றபின், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகளே ஆராயவேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும், ஒன்று தவறாமல், சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

உக்கிராணத்துவ மொழியைச் சுரங்கக்காரரும் தடையின்றிப் பேசலாம் என்பதே நம் முதல் ஆட்சேபம். வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுதல், இழப்பீடு, கணக்கு யாவும் அதற்குள் அடங்கும். உக்கிராணம் என்பது பண்டகசாலையன்றோ? மலையைப் பண்டகசாலையாகக் கண்டபின், சரக்கை எப்பொழுது எடுப்பது என்பதே வழக்காகும்; எடுக்கலாகாது என்று சொல்ல அச்சொல்லுக்கு வலுவில்லை.

நாபோத்து வேறு சொல்லைப் பேசினான். ஆகாப் அதிலும் நல்ல தோட்டத்தையோ விலையையோ தர முன்வந்தான். அநியாயமான பேரம் என்று சொல்வதற்கில்லை. நாபோத்தோ அது தன் பிதாக்களின் சுதந்தரம் என்று மறுத்தான். அவன் திராட்சத்தோட்டத்தை வணங்கியவன் அல்லன். ஆகவே, தெய்வம் குடியிருந்தால்தான் நிலம் விலைக்குத் தப்பும் என்று கொள்ள நமக்கு நியாயமில்லை. வைட் இவ்விடத்தை எண்ணவில்லை. அன்றியும், அலுமினிய ஆலைகள் ஆதியாகமத்தை வாசித்து எழுப்பப்பட்டவையல்ல. எனினும், மலையில் தெய்வமில்லை என்று போதித்த திருச்சபை, அதனால் மலை விலைப்பொருளாகிவிடாது என்று உடன் போதித்ததா என்னும் கேள்வி அவர் கட்டுரையில் எஞ்சி நிற்கிறது.

சுதந்தரம் என்னும் சொல்லும் ஆபத்தற்றதன்று. கானானியரின் நிலமும் அப்பெயராலேயே எடுக்கப்பட்டது. பரம்பரை நிலக்கிழாரும் அதைச் சொல்லிக் கூலியாளை விரட்டலாம். லேவியராகமம் 25ஆம் அதிகாரம், நிலம் கர்த்தருடையது, இஸ்ரவேலர் அதில் பரதேசிகள் என்று வரம்பிடுவது இதனாலேயே. அவ்வரம்போடு இச்சொல்லை இறையியல் வகுப்புகளில் ஆராய்வது அவசரமான பணி என்று கருதுகிறோம். லாஞ்சிகர் ஆலை மூடப்படவில்லை. 2023இல் அதே பகுதியின் சிஜிமாலி மலைப் பாக்சைட்டு அந்நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தாரும் எதிர்த்து எழுந்துள்ளனர்.